ஆயாக்கொட்டகையிலிருந்து கோவில் மண்டபம் வரை: நம் பிள்ளைகளின் பாலர் பள்ளிக் கதை



போன வாரம் நம் கோவில் வாட்ஸ்அப் குழுவில் ஓர் ஐயா கேட்டிருந்தார்: "கோவில்ல சாமி கும்பிடலாம், அன்னதானம் போடலாம். பாலர் பள்ளி எதுக்குங்க? அது அரசாங்கத்தோட வேலை இல்லையா?" நியாயமான கேள்வி. வாட்ஸ்அப்பில் நாலு வரியில் பதில் சொன்னால் அது சண்டை மாதிரி ஆகிவிடும். அதனால் கல்விப் பிரிவுத் தொண்டர்கள் நாங்கள் சேர்ந்து பேசி, பெரியவர்களிடம் கேட்டு, கிடைத்ததைப் படித்து இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். அவசரம் இல்லை, நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

ஐயா சொன்னது சரி. அது அரசாங்கத்தோட வேலைதான். ஆனால் அரசாங்கம் அந்த வேலையை எப்போது செய்தது, யாருக்காகச் செய்தது, நம் பிள்ளைகளுக்கு எந்த இடத்தில் அது கிடைக்காமல் போனது என்று பார்த்தால்தான் கோவில் ஏன் நடுவில் வந்தது என்று புரியும்.

முதலில் தோட்டத்துக்குப் போவோம்.

விடியற்காலை பெரட்டுக்கு முன்னாலேயே பிள்ளையைத் தூக்கத்தோடு தோளில் போட்டு, பால் போத்தலையும் மாற்றுத் துணியையும் ஒரு பையில் வைத்து, ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் அம்மாமார் பால்மரக் காட்டுக்குப் போவார்கள். எங்களில் சிலரே அப்படித் தூக்கிக்கொண்டு போகப்பட்டவர்கள்தான். கொட்டகை என்றால் தகரக் கூரை, பலகைச் சுவர், சிமெண்டுத் தரை. மேலே உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். மரம் வெட்ட முடியாமல் போன வயதான பாட்டிதான் ஆயா. ஒரு தொட்டிலை ஆட்டினால் நாலு தொட்டில் ஆடுகிற மாதிரி கயிறு கட்டி வைத்திருந்த ஆயாக்களைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். பாடம் கிடையாது, புத்தகம் கிடையாது. பிள்ளை அட்டைக்கும் பாம்புக்கும் தப்பி, பசியாறி, அம்மா பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு வரும்வரை உயிரோடு இருந்தால் போதும். அதுதான் அன்றைய பாலர் பராமரிப்பு.

இதைத் துரை செய்த தர்மம் என்று நினைக்கிறவர்கள் இன்றும் உண்டு. அப்படி இல்லை. சட்டம் சொன்னதால் செய்தார்கள். சட்டம் ஏன் சொன்னது என்பதுதான் முக்கியம்.

1912 ஆம் ஆண்டிலும் பிறகு 1923 ஆம் ஆண்டிலும் கூட்டு மலாய் மாநிலங்களில் (பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங்) தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்தன. பள்ளி வயதுப் பிள்ளைகள், அதாவது 7 முதல் 14 வயது வரை உள்ளவர்கள், 10 பேர் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. நம் தமிழ்ப் பள்ளிகளில் நிறைய அந்த விதியால் பிறந்தவைதான். பள்ளி வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு கொட்டகையும் ஆயாவும் வைக்கிற கடமையும் தோட்டத்தின் மேல் விழுந்தது. பேறுகாலப் படியும் அந்தக் காலத்தில்தான் வந்தது.

வெள்ளைக்காரனுக்கு நம் பிள்ளைகள் மேல் திடீர் பாசமா? ரெண்டு காரணம் இருந்தது. ஒன்று, இந்தியாவில் இருந்த அரசாங்கம் கேள்வி கேட்க ஆரம்பித்தது. 1922 இல் அங்கே குடிபெயர்வுச் சட்டம் வந்த பிறகு, "ஆள் வேண்டும் என்றால் அவர்களை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று காட்டு" என்கிற நிலைமை. ரெண்டாவது காரணம் கணக்கு. கப்பலில் ஆள் கொண்டுவரச் செலவு. வந்த ஆள் திரும்பிப் போய்விடுவான். குடும்பமாக வந்து, பெண்ணும் மரம் வெட்டி, பிள்ளையும் இங்கேயே பிறந்து வளர்ந்தால் அடுத்த தலைமுறைக்கு ஆள் தேட வேண்டாம். 1938 இல் இந்தியா உதவிக் கட்டணத்தில் ஆள் அனுப்புவதை நிறுத்தியதும் அந்தக் கணக்கு இன்னும் சரியாகிவிட்டது.

பெண் மரம் வெட்டப் போக வேண்டும் என்றால் பிள்ளையை யாராவது பார்க்க வேண்டும். ஆயாக்கொட்டகை அதுக்காக வந்தது. அம்மாவோட கை காட்டுக்குத் தேவைப்பட்டது, அதனால் பிள்ளைக்குத் தொட்டில் கிடைத்தது. குறை சொல்லவில்லை, அந்தத் தொட்டிலில் எத்தனையோ உயிர் பிழைத்தது. ஆனால் அது யாருக்காகக் கட்டப்பட்டது என்பதை மறந்தால் பின்னால் நடந்தது விளங்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம், கோவில்காரர்களுக்குச் சிரிப்பு வரும். தோட்டத்துக் கள்ளுக்கடை லாபத்தைத் தொழிலாளர் நலனுக்குச் செலவழிக்க வேண்டும் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. அப்பா குடித்த கள்ளில் வந்த காசு ஊர் நன்மைக்குத் திரும்பி வரும்! இன்று மானியம் மானியம் என்கிறோமே, அந்தக் காலத்து மானியம் அப்படி.

இந்தத் தோட்டத்து ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை. உரிமை பிள்ளைக்குக் கொடுக்கப்படவில்லை, தோட்டத்தில் கட்டி வைக்கப்பட்டிருந்தது. தோட்டத்தை விட்டு வெளியே வந்தால் கொட்டகை இல்லை, ஆயா இல்லை, பள்ளி இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு என்ன ஆனது என்று நம் எல்லாருக்கும் தெரியும். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றார்கள். அதைத் தடுக்கத்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960 இல் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். காப்பாற்ற முடிந்தது கொஞ்சம், போனது நிறைய. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் செம்பனையும் போய்த் தாமான் வந்தது, கோல்ப் மைதானம் வந்தது, தொழிற்பேட்டை வந்தது. 1966 இல் தொழிலாளர் குடியிருப்புக்கு என்று ஒரு சட்டம், அதற்குப் பதிலாக 1990 இல் இன்னொரு சட்டம். 1990 சட்டத்தில் தோட்டத்தில் பிள்ளைப் பராமரிப்பு இடம் வைப்பதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் வந்த நேரத்தில் நம் ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு இருந்தார்கள்.

எங்கே போனார்கள்? தொழிற்சாலைக்கு. 1972 இல் பினாங்கு பாயான் லெப்பாசில் தடையற்ற வர்த்தக வட்டாரம் திறந்ததிலிருந்து பெண் பிள்ளைகளுக்கு எலக்ட்ரானிக் கம்பெனிகளில் வேலை. செபராங் பிறையிலும் கெடாவிலும் இருந்த தோட்டங்களுக்குள்ளேயே கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. காலை ஷிப்ட், மாலை ஷிப்ட், இரவு ஷிப்ட். கல்யாணம் ஆனதும் சிலர் நின்றார்கள், பலர் நிற்கவில்லை, நிற்கவும் முடியாது. தோட்டத்து முதலாளிக்கு ஆயாக்கொட்டகை கட்டச் சட்டம் இருந்தது. தொழிற்சாலை முதலாளிக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. இன்றைக்கும் இல்லை, கட்டினால் வரிச் சலுகை உண்டு, கட்டாவிட்டால் கேட்க ஆள் இல்லை. தொழிற்சாலையில் ஷிப்ட் போடுகிறவர்களுக்கு நாங்கள் இதை விளக்க வேண்டியதில்லை. இரவு ஷிப்டுக்கு ஆள் குறைந்தால் காரணம் கேட்டுப் பாருங்கள். "பிள்ளையப் பாத்துக்க ஆள் இல்லை" என்பதுதான் பாதிப் பதில்.

அப்போது பிள்ளைகளை யார் பார்த்தது? பக்கத்து வீட்டு அக்கா. மாதம் ஒரு தொகை, சாப்பாடு தனி. நல்ல அக்காவாக வாய்த்தால் பாக்கியம். 1984 இல் பிள்ளைப் பராமரிப்பு நிலையங்களுக்கு என்று தனிச் சட்டம் வந்தது. 4 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் 4 பேரோ அதற்கு மேலோ கூலிக்குப் பார்க்கப்பட்டால் அது தாஸ்கா, சமூகநல இலாகாவில் பதிவு செய்ய வேண்டும். பின்னால் வந்த விதிகள் இன்னும் தெளிவு: ஒரு வயதுக்குக் கீழே என்றால் 3 குழந்தைக்கு ஒரு பராமரிப்பாளர், 1 முதல் 3 வயது வரை 5 பேருக்கு ஒருவர், 3 முதல் 4 வரை 10 பேருக்கு ஒருவர். ரொம்ப நல்ல விதி. ஆனால் 3 குழந்தைக்கு ஓர் ஆள் என்றால் அந்த ஆளோட சம்பளத்தை 3 குடும்பம் சேர்ந்து கொடுக்க வேண்டும். குறைந்த சம்பளத்தில் இருக்கிற ஒரு தாய் தன் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை எடுத்து வைத்தால்தான் அது நடக்கும். தரத்துக்கு விதி போட்டார்கள், அந்தத் தரத்துக்கு ஆகிற செலவில் பெரும் பங்கைப் பெற்றோர் தலையில் வைத்தார்கள். அதனால் பக்கத்து வீட்டு அக்காவே தொடர்ந்தார். இன்றும் தொடர்கிறார்.

இப்போது பாலர் பள்ளிக்கு வருவோம். 4 முதல் 6 வயது வரை.

1961 கல்விச் சட்டம் ஆரம்பப் பள்ளியில் ஆரம்பிக்கும். அதற்கு முந்தின வயது யாரோட பொறுப்பும் இல்லை. நகரத்தில் வசதி உள்ளவர்களுக்கு மிஷன் பள்ளிகளும் தனியார் கிண்டர்கார்டன்களும் இருந்தன. 1972 இல் பாலர் பள்ளிகளைப் பதிவு செய்ய விதிகள் வந்தன. எழுபதுகளின் தொடக்கத்தில் கிராமப்புற வளர்ச்சிக்கான கெமாஸ் இலாகா கம்பங்களில் பாலர் வகுப்புகளைத் திறந்தது; பெல்டா நிலத்திட்டங்களிலும் திறந்தார்கள். 1969 கலவரத்துக்குப் பிறகு ருக்குன் தெத்தாங்கா வந்தது அல்லவா, அதன் வழியாக 1976 முதல் பெர்பாடுவான் பாலர் பள்ளிகள் வந்தன. பல இனப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார வேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம். அங்கே படித்த நம் பிள்ளைகளும் உண்டு, அந்த ஆசிரியைகளை இன்றும் கையெடுத்துக் கும்பிடுகிறவர்கள் உண்டு.

ஆனால் கவனியுங்கள். கெமாஸ் கிராமத்துக்கு. பெல்டா குடியேற்றக்காரர்களுக்கு. பெர்பாடுவான் ருக்குன் தெத்தாங்கா இருக்கிற குடியிருப்புக்கு. தோட்டம் தனியார் நிலம். அரசாங்கத்துக் கணக்கில் அது கம்பமும் இல்லை, பட்டணமும் இல்லை. "உங்கள் ஆட்களை நீங்கள் பாருங்கள்" என்று தோட்டத்திடம் விட்ட பழைய பழக்கம் அப்படியே தொடர்ந்தது. ஊராட்சிக்குக் குப்பை எடுக்கவே தோட்டத்துக்குள் வர அதிகாரம் இல்லாத காலம் அது, பாலர் பள்ளி எங்கே வரும்! தோட்டத்தை விட்டு வந்து நகர ஓரத்தில் புறம்போக்கு நிலத்தில் குடிசை போட்டவர்களுக்கோ முகவரியே இல்லை.

மொழி விஷயமும் இருக்கிறது. அரசாங்கப் பாலர் பள்ளிகள் தேசிய மொழியில் நடந்தன. அதில் தவறில்லை, நம் பிள்ளைக்கு மலாய் நன்றாக வர வேண்டும், வராவிட்டால் இந்த நாட்டில் நமக்குத்தான் நஷ்டம். ஆனால் தமிழ்ப் பள்ளி முதலாம் ஆண்டுக்குப் போகிற பிள்ளை அ, ஆ கூடப் பார்க்காமல் போய் உட்கார்ந்தது. ஆசிரியை அவனையும், வீட்டில் அம்மா சொல்லிக்கொடுத்து வந்தவனையும் ஒரே வகுப்பில் வைத்துப் பாடம் நடத்த வேண்டும். மூன்றாவது மாதத்திலேயே அவன் பின்வரிசை. அந்தப் பின்வரிசையில் உட்கார்ந்தவன் ஆறாம் ஆண்டுவரைக்கும் எழுந்து வராத கதைகளை நாம் பார்த்திருக்கிறோம். பிறகு அவனைத்தான் "கும்பலில் சேர்ந்துட்டான்" என்று பேசுகிறோம்.

கோவில் இங்கேதான் வந்தது. யாரும் திட்டம் போட்டு வரவில்லை. காலை பூஜை முடிந்தால் மாலைவரை மண்டபம் சும்மா கிடக்கும். பாய் இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, சமைக்க இடம் இருக்கிறது. நம் ஜனங்கள் நம்பி பிள்ளையை விட்டுப் போகிற ஒரே பொது இடமும் அதுதான். நாடு முழுக்க எத்தனையோ கோவில் மண்டபங்களிலும் சமூக மண்டபங்களிலும் பாலர் வகுப்புகள் இப்படி ஆரம்பித்தன. ஐந்தாம் படிவம் முடித்த ஒரு தங்கச்சி ஆசிரியை, கோவில் கொடுக்கிற சின்னச் சம்பளம், உபயக்காரர் கொடுக்கிற மேசை நாற்காலி. நம் கோவிலிலும் அப்படித்தான் தொண்ணூறுகளில் ஆரம்பமானது. இன்று கல்யாணம் ஆகிப் பிள்ளையோடு நம் கோவிலுக்கு வருகிற சிலர் அந்த மண்டபத்துப் பாயில் உட்கார்ந்து எழுதப் பழகியவர்கள். தேவாரத்தையும் வாய்ப்பாட்டையும் ஒரே ராகத்தில் பாடுவார்கள், கேட்டால் சிரிப்பாக இருக்கும்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். 1992 இல் கல்வி அமைச்சு ஆரம்பப் பள்ளி வளாகத்துக்குள்ளேயே பாலர் வகுப்பு நடத்திப் பார்த்தது. 1996 கல்விச் சட்டத்தில் முதல் முறையாகப் பாலர் பள்ளி நாட்டின் கல்வி அமைப்புக்குள் வந்தது. வேறு மொழியில் பாலர் பள்ளி நடத்தலாம், ஆனால் தேசிய மொழி கட்டாயப் பாடமாக இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. தமிழில் பாலர் பள்ளி நடத்த நமக்குச் சட்டப்படி இடம் இருக்கிறது என்று தெரியாமலேயே பலர் பேசுகிறார்கள், அதனால் இதைத் தனியாகச் சொல்கிறோம். 2003 முதல் எல்லாப் பாலர் பள்ளிக்கும் ஒரே தேசியப் பாடத்திட்டம். அதே ஆண்டுதான் ஆரம்பப் பள்ளி கட்டாயமானது. பாலர் பள்ளி கட்டாயமாகவில்லை.

அமைச்சின் பாலர் வகுப்புகள் தமிழ்ப் பள்ளிகளுக்கும் வந்தன. ஒரு வகுப்புக்கு 25 பிள்ளை, ஒரு பயிற்சி பெற்ற ஆசிரியர், ஓர் உதவியாளர், சாப்பாடு. பெற்றோருக்குக் கட்டணச் சுமை இல்லை. இதைவிட நல்ல ஏற்பாடு எந்தக் கோவிலாலும் தர முடியாது. அப்படி ஒரு வகுப்பு உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்து, இடமும் கிடைத்தால், தயவுசெய்து அங்கே போடுங்கள். நாங்கள் போட்டிக்கு வரவில்லை.

ஆனால் எல்லாத் தமிழ்ப் பள்ளியிலும் அது வரவில்லை. ஏன்? பழைய தோட்டக் கதை மறுபடியும் காலைப் பிடித்து இழுக்கிறது. 1912 விதியால் பிறந்த பள்ளிகள் தோட்டத்து நிலத்தில் நிற்கின்றன. நிலம் அரசாங்கத்தோடது இல்லை என்பதால் அவை பகுதி உதவி பெறும் பள்ளி. ஆசிரியர் சம்பளம் அரசாங்கம் தரும். கட்டடம் என்று வந்தால் இழுபறி. பாலர் வகுப்புக்குத் தனி அறை வேண்டும், சின்னப் பிள்ளைக்கு ஏற்ற கழிப்பறை வேண்டும். அடுத்தவன் நிலத்தில் அதை எப்படிக் கட்டுவது? வேறு சில பள்ளிகளில் தோட்டம் காலியாகிப் பிள்ளைகளே இல்லை. பிள்ளைகள் எல்லாம் புதுத் தாமான்களில் இருக்கிறார்கள், அங்கே பள்ளி இல்லை. வகுப்பு இருக்கிற இடத்தில் பிள்ளை இல்லை, பிள்ளை இருக்கிற இடத்தில் வகுப்பு இல்லை.

2010 இல் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் தெரியுமா என்று சோதிக்கும் லீனுஸ் திட்டம் வந்ததும் பெற்றோருக்குப் பயம் வந்தது. 2013 இல் வந்த கல்விப் பெருந்திட்டம் எல்லாப் பிள்ளைக்கும் பாலர் பள்ளி என்று இலக்கு வைத்தது. தனியார் பாலர் பள்ளிகளையும் அதில் பங்கு எடுக்கச் சொன்னது. பாலர் பள்ளி ஆசிரியர்களுக்குக் குறைந்தது டிப்ளமா வேண்டும் என்றும் சொன்னது. இது சரியான முடிவுதான். மூன்று வயதுப் பிள்ளையைக் கையாளத் தெரிந்திருக்க வேண்டும், பாசம் மட்டும் போதாது. ஆனால் டிப்ளமா முடித்த ஒரு பெண், கோவில் தருகிற சம்பளத்துக்கு ஏன் வரப் போகிறார்? அங்கேதான் பல கோவில் பாலர் வகுப்புகள் தள்ளாட ஆரம்பித்தன.

பணம் வரவே இல்லையா என்று கேட்பீர்கள். வந்தது. எப்படி வந்தது என்று பாருங்கள். 2017 முதல் தாஸ்கா, பாலர் பள்ளிக் கட்டணத்துக்கு வருமான வரியில் 1,000 வெள்ளி கழிவு. பிறகு அது 3,000 வெள்ளி வரை உயர்ந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வரி கட்டுகிறவனுக்குத்தான் கழிவு. வருமான வரி கட்டுகிற அளவுக்குச் சம்பளமே இல்லாத வீட்டுக்கு இதனால் ஒரு காசு கிடையாது. யாருக்கு ரொம்பத் தேவையோ அவர்களைத் தாண்டிப் போகிற உதவி இது என்பது எங்கள் கருத்து.

நம் சமூகத்துக்கு என்று 2014 இல் செடிக் வந்தது. 2017 இல் மலேசிய இந்தியர் பெருந்திட்டம் வந்தது, அதில் பாலர் பள்ளிக்கும் முக்கிய இடம். 2018 இல் ஆட்சி மாறியதும் செடிக் மித்ரா ஆனது. பிறகு அது ஓர் அமைச்சிலிருந்து இன்னொன்றுக்குப் போனது, திரும்பி வந்தது. ஆண்டுக்கு 100 மில்லியன் வெள்ளி என்ற எண் எல்லாருக்கும் மனப்பாடம். அதில் வசதி குறைந்த குடும்பப் பிள்ளைகளின் பாலர் பள்ளிக் கட்டணத்துக்கு மானியமும் தந்தார்கள். தந்தவர்களுக்கு நன்றி. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு விண்ணப்பம், ஆண்டுக்கு ஆண்டு புது நிபந்தனை. ஜனவரியில் வகுப்பு ஆரம்பிக்கிறவனுக்கு இந்த ஆண்டு பணம் உண்டா இல்லையா என்று தெரியாமல் எப்படி ஓர் ஆசிரியைக்கு வேலைக் கடிதம் கொடுப்பது? மானியத்தின் அளவை விட அது நிச்சயமாக வரும் என்பதுதான் பாலர் பள்ளிக்கு உயிர். கெமாஸ் ஆசிரியைக்கு மாதச் சம்பளம் அரசாங்கத்துச் செலவுக் கணக்கில் இருக்கிறது. நம் ஆசிரியையின் சம்பளம் விண்ணப்பத்தில் இருக்கிறது.

பிறகு 2020 மார்ச் 18. நடமாட்டக் கட்டுப்பாடு. வகுப்பு மூடியது, கட்டணம் நின்றது, சம்பளம் கொடுக்க முடியவில்லை. நாட்டில் எத்தனையோ சின்னப் பாலர் பள்ளிகள் திரும்பத் திறக்கவே இல்லை. நம்முடையதும் அதில் ஒன்று.

இதுவரைக்கும் வரலாறு. இனி நம் மண்டபம்.

செயலவையில் ரெண்டு யோசனை இருக்கிறது. திருப்பணி முடிந்து மண்டப நிதியில் மீதி இருக்கும் தொகையில், மண்டபத்துக்குக் குளிர்சாதனம் போட்டுக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடலாம் என்பது ஒன்று. பின்பக்கப் பகுதியைப் பாலர் பள்ளிக்குத் தகுந்த மாதிரி மாற்றி மறுபடி திறக்கலாம் என்பது இன்னொன்று. முதல் யோசனை சொன்னவர்களைப் பணத்தாசை பிடித்தவர்கள் என்று யாரும் பேச வேண்டாம். மின்கட்டணமும் குருக்கள் சம்பளமும் வானத்திலிருந்து வரவில்லை, அவர்கள் கவலை நியாயமானது.

மறுபடி திறப்பது என்றால் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். பதிவு இல்லாமல் நடத்துவது சட்டப்படி குற்றம், அந்தப் பேச்சே வேண்டாம். பதிவுக்கு நகராண்மைக் கழகம், தீயணைப்பு, சுகாதாரம் மூன்று ஒப்புதலும் வேண்டும், பிறகு கல்வி இலாகா. விவரம் தெரிந்தவர்களைக் கூட்டி வந்து காட்டினோம். ரெண்டாவது வெளியேறும் வழி தடையில்லாமல் இருக்க வேண்டும் என்றார்கள். அந்த வழியில்தான் நம் மயில் வாகனமும் ரிஷப வாகனமும் துணி போர்த்தி நிற்கின்றன. சின்னப் பிள்ளை உயரத்துக்குக் கழிப்பறை ரெண்டு, கை கழுவும் தொட்டி, தீயணைப்புக் கருவி, கிணற்று மேடைப் பக்கம் கம்பி வேலி. பெரிய செலவு இல்லை, ஆனால் செலவுதான். டிப்ளமா படித்த ஆசிரியை ஒருவர் நம் தாமானிலேயே இருக்கிறார், மதியம்வரை வர ஒத்துக்கொண்டார், சம்பளம் பேசவில்லை.

நாங்கள் சுற்றி விசாரித்தபோது நம் தாமானிலும் பக்கத்துக் கம்பத்திலும் 5, 6 வயதில் பாலர் பள்ளிக்குப் போகாமல் வீட்டில் கைப்பேசியோடு இருக்கிற பிள்ளைகள் 11 பேர். நாங்கள் தட்டின கதவு மட்டும் இது. பக்கத்துத் தமிழ்ப் பள்ளியின் பாலர் வகுப்பில் 25 இடமும் நிறைந்துவிட்டது. தலைமையாசிரியர் காத்திருப்போர் பட்டியலைக் காட்டினார், பாவம், அவரால் என்ன செய்ய முடியும்.

ஆண்டுக் கூட்டத்தில் இது தீர்மானமாக வருகிறது. நாங்கள் எந்தப் பக்கம் என்று இவ்வளவு எழுதிய பிறகு மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் ஓட்டு உங்களுடையது. உறுப்பினர் சந்தா கட்டாதவர்கள் ஓட்டுப் போட முடியாது, அதனால் வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும்போது அலுவலக மேசையில் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரெண்டு யோசனைக்கும் போட்ட செலவுக் கணக்கு அதே மேசையில் இருக்கிறது, ரெண்டையும் படியுங்கள்.

கேள்வி கேட்ட ஐயா அவசியம் வர வேண்டும். அரசாங்கத்தோட வேலை என்று அவர் சொன்னதையும் கூட்டத்தில் எழுத்தில் வைக்கலாம் என்றிருக்கிறோம்: நம் தாமானுக்குள் கூடுதல் பாலர் வகுப்பு கேட்டு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் நம் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஒரு கடிதம். பிள்ளைகளின் பெயர் இல்லாமல் எண்ணிக்கையும் வயதும் மட்டும் போட்டு எழுதிவிட்டோம், கையெழுத்துத்தான் பாக்கி. அது கிடைக்கிற வரைக்கும் இந்த 11 பேருக்கும் வயது நின்று காத்திருக்காது என்பதால் மண்டபத்தைக் கேட்கிறோம்.

தீர்மானம் எப்படி முடிந்தாலும் வாகனங்களை அந்த வழியிலிருந்து நகர்த்தித்தான் ஆக வேண்டும், கூட்டம் கூடுகிற திருவிழா நாளில் அது ஆபத்து. கூட்டத்துக்கு முந்தின சனிக்கிழமை காலை 9 மணிக்குச் செய்யலாம் என்று இருக்கிறோம். மயில் கனம், எட்டுப் பேராவது வேண்டும். லாரி இருப்பவர்கள் குழுவில் ஒரு வார்த்தை போடுங்கள். பசியாற இட்லி உண்டு.

— ஆலயக் கல்விப் பிரிவுத் தொண்டர்கள்